காயம்பட்ட பறவை, ஒதுக்கப்பட்ட பிள்ளை, கூட ஒருவர்: திருகோணமலையில் பராமரிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

வகுப்பிலும் ஒழுங்கையிலும் எவரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு பிள்ளை, அடிபட்ட பறவையைச் சட்டைக்குள் பொத்தியபடி உங்கள் படலையடியில் வந்து நிற்கலாம். அல்லது பறவை முதலில் உங்களிடம் வந்து, அந்தப் பிள்ளையைக் கூப்பிட வேண்டுமென்று உங்களுக்குத் தோன்றலாம். எப்படி வந்தாலும் செய்யவேண்டியவை ஒன்றுதான், அவற்றின் ஒழுங்கும் ஒன்றுதான்.

ஒதுக்கிவைத்ததற்குக் காரணம் எதுவாகவும் இருக்கும்: திக்குவாய், வலிப்பு, சிறையில் இருக்கும் தகப்பன், இடம்பெயர்ந்து பாதித் தவணையில் வந்து சேர்ந்த குடும்பம், சாதி, யாரோ கட்டிவிட்ட பழைய கதை. அந்தக் காரணத்தைத் தோண்ட இந்த வேலையில் இடமில்லை. பறவைக்கு அது தேவையுமில்லை.

தொடங்குமுன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பறவை யாருக்கும் நண்பனாகக் கூடாது. நட்பு வளரவேண்டியது பெட்டியைத் தூக்கும் இரண்டு பேருக்கிடையில். மனிதரோடு பழகிய காட்டுப்பறவை வெளியே போய் நாயிடமும் கல்லெறிபவனிடமும் தானாகவே போகும். அதோடு, பறவையை மட்டுமே நண்பனாக்கிக்கொண்ட பிள்ளைக்கு அது பறந்த அன்று பழையபடி யாருமில்லை. புதிதாகச் செய்பவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் அதைத் தவிர்க்கவே இந்த ஒழுங்கில் உள்ளன.

1. முன்கூட்டியே எடுத்து வைக்கவேண்டியவை

பறவை வந்த பிறகு தேடினால் அரை மணி நேரம் போய்விடும். இவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள்:

- மூடியுள்ள மட்டைப் பெட்டிகள் இரண்டு. மைனா, புறா அளவுக்கு ஒரு சப்பாத்துப் பெட்டி. செம்பருந்து, கொக்கு அளவுக்கு 50 சென்ரிமீற்றர் நீளமான ஒன்று.
- பழைய துவாய்கள் மூன்று. நூல் இழுபடாத துவாயாக இருக்கவேண்டும். நகம் நூலில் மாட்டினால் விரல் உடையும்.
- மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், முன்கண்ணாடியோடு. தடித்த கையுறை ஒரு சோடி.
- கிராம் காட்டும் சமையலறைத் தராசு.
- கூர் மழுங்கிய சிறிய கத்தரிக்கோல், சுத்தமான பருத்தித் துணி, சோளமா, உப்பு.
- மூடி இறுக்கமான போத்தல் ஒன்று (சுடுதண்ணீருக்கு).
- 40 பக்கக் கொப்பி ஒன்று, பேனை இரண்டு. இரண்டு என்பதைக் கவனியுங்கள். காரணம் 7இல் வரும்.

கம்பிக் கூடு வேண்டாம். பயந்த பறவை கம்பியில் மோதி மோதி இறகுகளை முறித்துக்கொள்ளும். முறிந்த இறகு அடுத்த இறகுதிர்ப்பு வரை முளைக்காது. அதுவரை பறக்கவும் முடியாது.

2. தூக்குமுன் பார்க்கவேண்டியது

கீழே நிற்கும் பறவை எல்லாம் காயம்பட்டதல்ல. உடம்பெல்லாம் இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்தித் திரிவது கூட்டைவிட்டு இறங்கிய குஞ்சு. தாயும் தகப்பனும் பக்கத்து மரத்தில் இருக்கும். நாய், பூனையை விரட்டிவிட்டு, 20 மீற்றர் தள்ளி நின்று ஒன்றிரண்டு மணி நேரம் பாருங்கள். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்று ஊரில் சொல்வது சரியல்ல. தவறி விழுந்த குஞ்சைக் கூட்டிலோ பக்கத்துக் கிளையிலோ திரும்ப வைக்கலாம்.

தூக்கவேண்டிய பறவைக்கு இந்த அடையாளங்கள் இருக்கும்: ஒரு செட்டை மற்றதைவிடத் தாழ்ந்து தொங்கும், இரத்தம் தெரியும், பக்கவாட்டில் சரிந்து கிடக்கும், ஈ மொய்க்கும், ஆள் கிட்டப் போனாலும் அசையாது. பூனை வாயில் இருந்து மீட்டது என்றால் காயம் தெரியாவிட்டாலும் தூக்குங்கள்.

ஒக்டோபர், நவம்பரில் வீட்டுச் சுவரடியில் பச்சையும் நீலமும் செம்மஞ்சளுமாக வாலில்லாதது போல ஒரு சிறு பறவை மயங்கிக் கிடந்தால், அது பெரும்பாலும் ஆறுமணிக் குருவி. இந்தியாவிலிருந்து வலசை வந்து களைத்துப்போய் கண்ணாடியிலும் சுவரிலும் மோதுவது. இருட்டுப் பெட்டியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தாலே பல தெளிந்துவிடும்.

ஒரே இடத்தில் பல பறவைகள் செத்தோ தள்ளாடியோ கிடந்தால் எதையும் தொடவேண்டாம், பிள்ளைகளையும் கிட்ட விடவேண்டாம். அது தொற்றுநோயாகவோ நஞ்சாகவோ இருக்கலாம். நேரே 5ஆம் படிக்குப் போங்கள்.

3. பிடிப்பது

பின்பக்கமாகப் போய், துவாயைத் தலையும் செட்டையும் மூடும்படி ஒரே தரத்தில் போடுங்கள். கண் இருட்டினால் பறவை பாதி அடங்கும். இரண்டு செட்டைகளையும் உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள்.

நெஞ்சை அழுத்தாதீர்கள். மனிதருக்கு இருப்பது போல மூச்சுக்கு உதவும் உதரவிதானம் பறவைக்கு இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். பாசத்தோடு இறுக்கி அணைத்தே பறவையைக் கொன்றுவிடும் பிள்ளைகள் உண்டு. இதைப் பிடிக்குமுன்பே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் குற்றஞ்சாட்டுவதாகிவிடும்.

எந்தப் பறவைக்கு எது ஆயுதம் என்று தெரிந்திருக்கவேண்டும். பருந்து, ஆந்தை என்றால் கால் நகம். கால்கள் இரண்டையும் தொடையடியில் சேர்த்துப் பிடிக்கவேண்டும். கொக்கு, நாரை என்றால் அலகு. அது நேரே கண்ணைப் பார்த்துக் குத்தும். கொக்கு சாதுவாக நிற்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஹெல்மெட்டைப் போட்டு முன்கண்ணாடியை இறக்கிவிட்டு, தலைக்குப் பின்னால் கழுத்தை மெதுவாகப் பிடியுங்கள். நீர்க்காகத்தின் அலகைக் கட்டவே கூடாது. அதற்கு வெளியில் மூக்குத் துளை இல்லை, வாயாலேயே மூச்சு விடுகிறது.

பெரிய பறவையைப் பிடிப்பது வளர்ந்தவர் வேலை. பிள்ளை பெட்டியைத் திறந்து மூடட்டும். கீறல், கொத்து பட்டால் ஓடும் தண்ணீரில் சவுக்காரம் போட்டு நன்றாகக் கழுவி, ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டு எவ்வளவு காலம் என்று கேளுங்கள். பறவையால் விசர்நாய்க்கடி நோய் பரவாது.

4. பெட்டி, இருட்டு, சத்தமில்லாத ஒரு மணி நேரம்

பறவையை வைக்குமுன்பே பெட்டியின் கீழ்ப்பாதியில் உள்ளிருந்து வெளியே பேனையால் துளை போடுங்கள். உள்ளே கூர் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அடியில் துவாய் விரியுங்கள். வெறும் பத்திரிகைக் கடதாசி வழுக்கும். கால் அகன்று இடுப்பு கழன்றுபோகும். பறவை எழுந்து திரும்பக்கூடிய இடம் போதும். செட்டை அடிக்க இடம் இருந்தால் உடைந்த எலும்பு தோலைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

சூடு பற்றிப் பொதுவாக எழுதப்படும் அறிவுரை பெரும்பாலும் குளிர் நாட்டுக்கானது. பறவையின் உடம்புச் சூடு 40 பாகை செல்சியஸுக்கும் மேல். அதிர்ச்சியில் அது இறங்கும் என்பது உண்மை. ஆனால் வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கும் மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே பெட்டியை வைத்து, பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தலும் வைத்தால் பறவை வெந்துபோகும். வாயைத் திறந்து இளைத்தால் உடனே கல்வீட்டின் நிழலான அறைக்கு மாற்றுங்கள். மார்கழி மழையில் நனைந்து வந்த பறவைக்கு மட்டும் போத்தலைத் துவாயில் சுற்றி, பெட்டியின் ஒரு பாதிக்கு வெளியே அணைத்து வையுங்கள். வேண்டிய பக்கத்துக்கு அதுவே நகரும்.

இனி ஒரு மணி நேரம் மூடியைத் திறக்காதீர்கள். தண்ணீரும் கொடுக்காதீர்கள். பறவைக்கு நாங்கள் இரை தேடும் விலங்கு. ஒவ்வொரு தரம் எட்டிப் பார்க்கும்போதும் அது சாவை எதிர்பார்க்கிறது. பயத்தாலேயே பறவை சாகும். இதைப் பிள்ளைக்கு அப்படியே விளக்கலாம். பார்வை ஒன்றே வலிக்கக்கூடும் என்பதைப் புரிந்துகொள்ள அந்தப் பிள்ளைக்கு அதிக நேரம் தேவைப்படாது.

5. யாருக்குச் சொல்வது

அந்த ஒரு மணி நேரத்தில் போன் எடுங்கள். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. கூடவே உங்கள் பிரதேசத்தின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பாதுகாக்கப்பட்ட காட்டுப்பறவையை அனுமதியில்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். அந்தச் சிக்கல் வராமலிருக்க, உதவி கேட்டு நீங்களே முதலில் அறிவித்துவிடுங்கள்.

சொல்லவேண்டியவை: எங்கே, எத்தனை மணிக்குக் கண்டது, பக்கத்தில் என்ன இருந்தது (மின்கம்பி, தங்கூசி எனும் நைலோன் தூண்டில் நூல், பூனை, வீதி), எந்தச் செட்டை, எந்தக் கால், இப்போது நிற்கிறதா, கிடக்கிறதா. கண்டெடுத்த பிள்ளையையே போனில் பேசவிடலாம், விருப்பமிருந்தால். திக்குகிற பிள்ளை என்றால் முதலில் கொப்பியில் எழுதி வாசிக்கட்டும். பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். எழுதியதை நீங்கள் வாசித்தாலும், "இது தம்பி பார்த்து எழுதினது" என்று மறுமுனையில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்.

அதிகாரிகள் அன்றைக்கே வந்து எடுத்துப் போனால் நல்லது. வர நேரமாகும் என்றோ, வைத்தியர் மருந்து கொடுத்து வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னாலோதான் அடுத்த படிகள் முழுதாகத் தேவைப்படும். அன்றைக்கே போய்விட்டாலும் 6, 10, 14 ஆகியவை பொருந்தும். அரை நாள் சேர்ந்து வேலை செய்த இரண்டு பேர், பறவை எப்படி என்று மறுநாள் சேர்ந்து போன் எடுக்கலாம்.

6. இரண்டாவது ஆளைத் தெரிவது

ஒருவர் மட்டும். மூன்றாவது பிள்ளை வந்தால் இரண்டு பேர் ஒரு பக்கமாகிவிடுவார்கள். தனியே நிற்பது யாரென்று சொல்லவேண்டியதில்லை.

வகுப்புத் தலைவரைக் கூப்பிடாதீர்கள். அவருக்கு அது கடமையாகிவிடும். எல்லோருக்கும் பிடித்த பிள்ளையும் வேண்டாம், பின்னால் நாலு பேர் வருவார்கள். அவசரப்படாத, கேட்டதை வீட்டுக்கு வீடு கொண்டுபோகாத பிள்ளை ஒன்று எல்லா ஒழுங்கையிலும் இருக்கும். மீன் வாடியில் தகப்பனோடு நின்று பழகிய பிள்ளை என்றால் இன்னும் நல்லது. மீனும் தங்கூசியும் கைவந்த வேலை. வளர்ந்தவர்களுக்கும் இதுவே பொருந்தும்: ஊர் பேசாத ஒரு கைம்பெண்ணுக்குப் பக்கத்து வீட்டு மாமி ஒருவர் போதும், மாதர் சங்கம் முழுவதும் வரவேண்டாம்.

கூப்பிடும்போது உதவி செய்வதாகச் சொல்லாதீர்கள், உதவி கேளுங்கள். "உனக்கு ஒரு கூட்டாளி பிடிச்சுத் தாறன்" என்று சொன்னால் இரண்டு பிள்ளையும் குன்றிப்போவார்கள். "தம்பி, ஒராள் பிடிக்க, ஒராள் நிறுக்க வேணும். எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. பின்னேரம் வர ஏலுமா?" என்றால் போதும். அது பொய்யுமில்லை, உண்மையிலேயே இரண்டு சோடிக் கை தேவை.

இரண்டு வீட்டிலும் பெற்றோரிடம் முதலே கேட்டுவிடுங்கள். வேலை திறந்த விறாந்தையில், மற்றவர் காணக்கூடிய இடத்தில், வளர்ந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க நடக்கவேண்டும். ஒரு வீட்டில் மறுத்தால் வாதாடாமல் இன்னொரு பிள்ளையைப் பாருங்கள். மறுப்பு மற்றப் பிள்ளையின் காதுக்குப் போகக்கூடாது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு எச்சம் துப்புரவாக்கும் வேலை கொடுக்கவேண்டாம்.

7. வேலையைப் பிரிப்பது

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். நட்பு பிழைப்பதும் போவதும் இங்கேதான்.

ஒவ்வொரு வேலையும் ஒருவரால் தனியே முடிக்க முடியாததாக இருக்கவேண்டும். நிறுப்பதற்கு ஒருவர் துவாயோடு பறவையைப் பிடிக்க, மற்றவர் தராசைப் பூச்சியமாக்கி இலக்கத்தை வாசிப்பார். துவாயின் எடையைக் கழித்து எழுதவேண்டும். பிடித்தவர் தன் பேனையால் எழுதுவார், வாசித்தவர் தன் பேனையால் பக்கத்தில் கையெழுத்து வைப்பார். இரண்டு பேனை அதற்குத்தான். மறுநாள் வேலை மாறும்.

எச்சம் துப்புரவாக்குவதை நாள்மாறி நாள் இருவரும் செய்யவேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒதுக்கப்பட்ட பிள்ளை தானாகவே முன்வந்து, "நான் கழுவுறன்" என்று சொல்லும். அழுக்கு வேலைதான் தன் இடம் என்று பழக்கிவைத்திருக்கிறார்கள். விட்டுவிட்டால் வெளியில் நடப்பதே உங்கள் விறாந்தையிலும் நடக்கும். கொப்பியில் "துப்புரவு" என்று ஒரு நிரல் போட்டு, முதல் நாள் மற்றப் பிள்ளையின் பெயரை எழுதுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரே குழாயில், ஒரே சவுக்காரத்தில் இருவரும் கை கழுவட்டும். முழங்கை வரை, 20 விநாடி. பிறகு தேத்தண்ணி. கோப்பைகள் ஒரே மாதிரியானவையாக இருக்கட்டும், நீங்களும் அதில் ஒன்றிலேயே குடியுங்கள். சில பிள்ளைகளுக்கு வேறு கோப்பையில் தரப்படுவது வழக்கமாகிவிட்ட ஊரில், இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் செய்வதே சரி.

கொப்பியில் தினமும் இருக்கவேண்டியவை: நேரம், எடை, என்ன தின்றது, எத்தனை கிராம், எச்சத்தின் நிறம், நிற்கும் விதம். எடையைத் தினமும் ஒரே நேரத்தில், உணவுக்கு முன் பாருங்கள். முதல் நாள் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றைக்கே வைத்தியருக்குச் சொல்லுங்கள். 500 கிராம் செம்பருந்து 450க்கு வந்தால் காத்திருக்கக்கூடாது. இறகு பொத்தி மூடுவதால் மெலிவு கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத்தான் தெரியும்.

8. காயம்

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம். செய்யக்கூடாததே அதிகம்.

இரத்தம் ஓடினால் சுத்தமான துணியால் 5 நிமிடம் எடுக்காமல் மெதுவாக அழுத்துங்கள். நகமோ இறகின் குழாயோ முறிந்து ஒழுகினால் சோளமாவைத் தொட்டு வையுங்கள். அழுக்குக் காயத்தைக் கழுவ, கொதித்து ஆறிய தண்ணீர் அரை லீற்றருக்கு முக்கால் தேக்கரண்டி உப்பு.

மஞ்சள் அரைத்துப் பூசாதீர்கள். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், களிம்பு எதுவும் வேண்டாம். எண்ணெய் பட்ட இறகு தண்ணீரையும் தாங்காது, காற்றையும் பிடிக்காது. காயம் ஆறிய பிறகும் பறவை பறக்காது. மனிதருக்கான வலி மாத்திரை கொடுப்பது அதைவிட மோசம். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் போய் இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டங்கூட்டமாக அழித்தது.

தங்கூசியும் தூண்டில் முள்ளும் இந்தக் கரையில் அடிக்கடி வரும் காயம். சுற்றியிருக்கும் தங்கூசியை இழுக்காமல், கத்தரிக்கோலின் மழுங்கிய பக்கத்தை உள்ளே விட்டுத் துண்டு துண்டாக வெட்டுங்கள். வாய்க்குள் இருந்து வரும் தங்கூசியை மட்டும் இழுக்கவும் கூடாது, அடியோடு வெட்டவும் கூடாது. முள் குடலுக்குள் இருக்கும். 15 சென்ரிமீற்றர் வெளியே விட்டு வெட்டி, நுனியைக் கழுத்துப் பக்கமாக ஒட்டி, வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அந்த நுனி இல்லாவிட்டால் அவர் முள்ளைத் தேடுவது கடினம்.

பூனை கடித்தது என்றால் 24 மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வேண்டும். பல்லின் துளை இறகுக்குள் தெரியாது. அன்று முழுவதும் நன்றாக நின்ற பறவை மூன்றாம் நாள் செத்துக் கிடக்கும்.

உடைந்த செட்டைக்குத் தடி வைத்துக் கட்டாதீர்கள். பறவை எலும்பு சில நாளிலேயே ஒட்டத் தொடங்கி, இரண்டு மூன்று கிழமையில் இறுகிவிடும். கோணலாக ஒட்டினால் திருத்த வழியில்லை. சின்னப் பெட்டியே அதற்கு முதல் கட்டு. மற்றதை வைத்தியர் செய்யட்டும்.

9. தண்ணீர், பிறகு சாப்பாடு

ஒழுங்கு இது: முதலில் சூடு, பிறகு தண்ணீர், பிறகுதான் சாப்பாடு. சில்லிட்ட உடம்பில் இரை செரிக்காமல் இரைப்பையிலேயே பழுதாகும்.

தண்ணீரை வாய்க்குள் ஊற்றாதீர்கள். பறவையின் மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஒரு சொட்டுப் போதும் நுரையீரலுக்குப் போக. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச்சர்க்கரைத் தூள்) கரைத்துச் சிரிஞ்சால் விடுவதும் குழாய் போடத் தெரிந்தவர் வேலை. பறவை தலை நிமிர்ந்து நின்ற பிறகு ஆழமில்லாத மூடியொன்றில் தண்ணீர் வையுங்கள்.

பால், பாண், சோறு வேண்டாம். பறவையால் பாலைச் செரிக்க முடியாது. கொடுக்கவேண்டியது பறவைக்குப் பறவை மாறும்:

கொக்கு, ஆலா, நீர்க்காகம், மீன்கொத்திக்கு முழு மீன்: சூடை அல்லது நெத்தலி, அன்று பிடித்தது, தலைப்பக்கம் முதலில் போகும்படி. வால் முதலில் போனால் செதிலும் முள்ளும் தொண்டையில் மாட்டும். கருவாடு கூடாது; உப்பு கொல்லும். 400 கிராம் கொக்குக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம், மூன்று தரமாக.

செம்பருந்துக்கு 50, 60 கிராம் முழு மீன் அல்லது எலும்போடு நறுக்கிய கோழி. வெறும் சதை மட்டும் பல நாள் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு ஒட்டாது. ஆந்தையும் பருந்தும் ரோமம், எலும்பை உருண்டையாகக் கக்கும். வாந்தி என்று பயப்படவேண்டாம். புறாவுக்குப் பயறு, குரக்கன். மைனா, புலுனி, ஆறுமணிக் குருவிக்கு மண்புழு, வெட்டுக்கிளி. பூச்சிமருந்து அடித்த வயலில் பிடித்தது ஆகாது.

நீண்ட இடுக்கியால் கொடுங்கள், அல்லது வைத்துவிட்டு நகருங்கள். கையால் ஊட்டினால் கையைத் தேடும். தடவ வேண்டாம். பெயர் வைக்கவும் வேண்டாம். கொப்பியில் "செம்பருந்து, இடது செட்டை" என்றே எழுதுங்கள். இதுதான் பிள்ளைக்குக் கடினமான படி. தனக்கென்று ஒன்று கிடைத்த முதல் தரம் அதைத் தொடக்கூடாது என்கிறோம். விளக்கிச் சொல்லுங்கள், கடிந்து சொல்லாதீர்கள்.

10. பேச்சுக்கு இடம் குழாயடி

பெட்டிக்குப் பக்கத்தில் பேசக்கூடாது, வேலை 15 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. இது பறவைக்காகப் போட்ட விதி. பேசத் தயங்குகிற பிள்ளைக்கும் இது உதவும். பேசாமல் இருப்பது அங்கே குறையல்ல, திறமை. கலகலப்பான பிள்ளைதான் இங்கே திணறும். முதல் தடவையாக ஒதுக்கப்பட்ட பிள்ளை அவனுக்குக் கைகாட்டி, மெதுவாக என்று சொல்லும்.

பேச்சு வரும்போது குழாயடியில் வரும். "இண்டைக்கு 12 கிராம் கூட" என்று தொடங்கும். அப்போது நீங்கள் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போங்கள், சத்தம் கேட்கிற தூரம்தான். வீட்டு நிலைமை, பள்ளிக்கூடத்தில் அடிப்பது யார் என்றெல்லாம் விசாரிக்காதீர்கள். பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள். ஆபத்தான விஷயம் ஏதும் வெளியே வந்தால் அது வேறு வேலை. 1929 என்பது இலங்கையின் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கம்.

நாலைந்து நாளில் இருவரும் பேசாவிட்டால் தோல்வி என்று எண்ணவேண்டாம். ஒருவர் வராத அன்று மற்றவர் படலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.

11. பார்க்க வருபவர்கள்

இரண்டாம் நாளே ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். செம்பருந்து என்றால் கருடன் என்று கும்பிடவும் வருவார்கள். ஒருவரையும் விறாந்தைக்கு விடாதீர்கள். படம் எடுத்து முகநூலில் போடுவதும் வேண்டாம். பறவைக்கு அது பயம். பிள்ளைக்கோ, பாவம் பார்க்கப்படும் இன்னொரு நாள். கேட்பவர்களுக்குக் கொப்பியைக் காட்டுங்கள். இரண்டு கையெழுத்தையும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

12. பறவை செத்தால்

சாகக்கூடும். கவனமாகப் பார்த்தும் சாகும். இதை முதல் நாளே இருவரிடமும் சொல்லிவிடவேண்டும்: "நாங்க செய்யிறதைச் சரியாச் செய்வம். அது இருக்கிறதும் போறதும் எங்கட கையில மட்டும் இல்லை." முதல் நாள் சொல்லாமல் சாவன்று சொன்னால் அது ஆறுதலாகவே கேட்கும், உண்மையாகக் கேட்காது.

இரவில் செத்ததை அவர்கள் வருமுன் புதைத்துவிட்டு "பறந்து போயிட்டுது" என்று சொல்லாதீர்கள். கண்டுபிடிப்பார்கள்.

இனி முக்கியமானது. பழி உடனே ஒதுக்கப்பட்ட பிள்ளையின் தலையில் விழும். "அதின்ர கை பட்டதாலதான்", "ராசியில்லாத பிள்ளை" என்று யாராவது சொல்லியே தீருவார்கள். அது வருமுன் காரணத்தை நீங்கள் வாயால் சொல்லிக் கொப்பியிலும் எழுதுங்கள்: மின்கம்பியில் அடிபட்டு உள்ளே இரத்தம் கசிந்தது, பூனையின் பல்லால் கிருமி ஏறியது, முள் குடலைக் கிழித்தது. வைத்தியர் சொன்னதையே எழுதினால் இன்னும் நல்லது. காரணம் தெரியாவிட்டால் எடைகளைக் காட்டுங்கள். ஒரு வேளையும் தவறவில்லை என்பது அதில் இருக்கும். மற்றப் பிள்ளையின் கையெழுத்து அங்கே சாட்சி. அந்தப் பிள்ளை வெளியில் போய், "ரெண்டு பேரும்தான் பார்த்தனாங்கள்" என்று ஒரு தரம் சொன்னால், நீங்கள் நூறு தரம் சொன்னதைவிடப் பெரிது.

கையுறை போட்டு, நாய் கிளறாத ஆழத்தில், இரண்டு அடியாவது தோண்டி இருவருமாகப் புதைக்கட்டும். அன்றும் ஒரே குழாய், ஒரே தேத்தண்ணி.

13. விடுவது

வைத்தியரோ திணைக்கள அதிகாரியோ சரி என்ற பிறகுதான். அவர்கள் பார்ப்பவை: இரண்டு செட்டையும் ஒரே மட்டத்தில் விரிகிறதா, தண்ணீர் தெளித்தால் இறகில் உருண்டோடுகிறதா, தானாக இரை எடுக்கிறதா, எடை நிலையாக இருக்கிறதா, மனிதரைக் கண்டால் விலகுகிறதா. கடைசி ஒன்று இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை.

கண்ட இடத்திலேயே விடுங்கள். உப்புவெளியில் எடுத்ததைக் கொட்டியாரக் குடாவில் விட்டால் இரையும் இடமும் தெரியாது. அந்த இடத்துப் பறவைகள் துரத்தும். மழையில்லாத காலை நேரம் நல்லது. ஆந்தையைப் பொழுதுபட்ட பிறகு விடவேண்டும். வாடைக்காற்று பலமாக அடிக்கும் நாளில் சிறு பறவையை விடாதீர்கள். ஆலாவைத் திறந்த மணலில், காற்றை நோக்கி வைக்கவேண்டும், எதிர்க்காற்றில்தான் எழும்பும்.

பெட்டியை நிலத்தில் வைத்து, ஒருவர் மூடியைத் திறக்க, மற்றவர் பெட்டியைச் சரிக்க, இருவரும் பின்னால் நிற்கட்டும். மேலே எறியாதீர்கள். போகாவிட்டால் அரை மணி நேரம் காத்திருந்து, திரும்ப மூடி, வைத்தியருக்குச் சொல்லுங்கள். ஆட்களைக் கூட்டாதீர்கள், திருவிழாவும் ஆக்காதீர்கள்.

14. பெட்டி காலியான பிறகு

மறுநாள் பின்னேரம் நாலரை மணிக்கு இருவருக்கும் போக இடமில்லை. அந்தப் பின்னேரத்துக்கான வேலையை விடுவதற்கு இரண்டு நாள் முன்பே பேசி வைத்திருக்கவேண்டும். விட்ட பிறகு யோசித்தால் ஒரு கிழமை போய்விடும், பிள்ளைகளும் பழைய இடங்களுக்குப் போய்விடுவார்கள்.

இந்தக் கரையில் கைவசம் உள்ள வேலை தங்கூசி பொறுக்குவது. கிழமைக்கு ஒரு தரம், ஒரு பை, இரண்டு பேர். அறுந்த வலைத்துண்டு, தூண்டில் முள், பட்டம் விட்ட நூல் எல்லாவற்றையும் எடுத்து, 10 சென்ரிமீற்றருக்குக் குறைவான துண்டுகளாக வெட்டி, மூடியுள்ள போத்தலில் அடைத்துப் போடவேண்டும். நீளமாகக் குப்பையில் போட்டால் குப்பைமேட்டில் காகமும் கொக்கும் மாட்டும். முள்ளைத் தனிப் போத்தலில் போடுங்கள், கையுறை கட்டாயம்.

அதே கொப்பியில் அடுத்த பக்கத்தில் நாள், இடம், எத்தனை கிராம் என்று எழுதட்டும். தராசு இருக்கிறது. பேனை இரண்டும் இருக்கின்றன. கொப்பியை ஒரு கிழமை ஒருவர் வீட்டிலும் மறு கிழமை மற்றவர் வீட்டிலும் வைக்கச் சொல்லுங்கள். அதை வாங்கவாவது ஒருவர் மற்றவர் வீட்டுப் படலையைத் திறக்கவேண்டி வரும்.